மாணவர் உரிமத்தில் மென்பொருள் பெறுவது எப்படி: போனஃபைட் சான்றிதழிலிருந்து படிப்பு முடியும் நாள் வரை

தமிழ்நாட்டில் பொறியியல், பாலிடெக்னிக், கட்டடக்கலை, கலை அறிவியல் என எந்தக் கல்லூரியில் நீங்கள் சேர்ந்திருந்தாலும், பாடத்துக்குத் தேவையான விலை உயர்ந்த மென்பொருள்கள் பலவற்றை மாணவர் என்ற தகுதியைக் கொண்டே இலவசமாகவோ மிகக் குறைந்த விலையிலோ பெறலாம். வரைபடம் வரையும் ஆட்டோகேட், கட்டட வடிவமைப்புக்கான ரெவிட், கணக்கீட்டுக்கான மேட்லேப், மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் நிரலாக்கக் கருவிகள் ஆகியவை இதில் அடங்கும். இருந்தும் முதலாண்டு மாணவர்களில் பலருக்கு இந்த வழி தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் பலர் முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவுடன், நமக்கு இது கிடைக்காது என்று விட்டுவிடுகிறார்கள்.

தனியார் கல்லூரி ஒன்றில் கட்டடப் பொறியியல் படிக்கும் என் தங்கைக்காக இந்த விண்ணப்பங்களை அவளுடன் சேர்ந்து நான் நிரப்பினேன். பெயரில் இனிஷியல் இருக்கும் இடம், தேதி அச்சிடப்படாத அடையாள அட்டை, தெளிவில்லாத நகல் போன்ற காகிதச் சிக்கல்களே எங்களைத் திரும்பத் திரும்ப நிறுத்தின. அவற்றை முன்கூட்டியே சரிசெய்துகொண்டால் மற்றவை எளிதாக முடியும். ஆகவே இந்தக் கட்டுரையில் மென்பொருள்களைவிட ஆவணங்களைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. முதலில் கல்லூரியிடம் கேளுங்கள்

தனிப்பட்ட முறையில் எந்த நிறுவனத்திடமும் விண்ணப்பிப்பதற்கு முன், உங்கள் கல்லூரி ஏற்கெனவே பணம் கட்டி வாங்கி வைத்திருக்கும் உரிமங்கள் எவை என்று விசாரியுங்கள். சில மென்பொருள்களுக்கு வளாகம் முழுவதற்குமான உரிமம் உண்டு. கல்லூரி ஒருமுறை பணம் செலுத்திவிட்டால், மாணவர் ஒவ்வொருவரும் தம் சொந்த மடிக்கணினியிலும் அந்த மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். மேட்லேப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கல்லூரியிடம் வளாக உரிமம் இருந்தால், கல்லூரி மின்னஞ்சலைக் கொண்டு, மேட்லேபை உருவாக்கிய மேத்வொர்க்ஸ் நிறுவனத்தின் தளத்தில் கணக்குத் தொடங்கினாலே அந்த உரிமத்தோடு இணைந்துவிடலாம். இது தெரியாமல் மாணவர் பதிப்பைச் சொந்தப் பணத்தில் வாங்குவோரும் இருக்கிறார்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். துறைத் தலைவருக்கு உரிமங்களின் விவரம் தெரியாமல் இருக்கலாம். கணினி மையத்தின் பொறுப்பாளரும் உங்கள் துறையின் ஆய்வக உதவியாளரும் பெரும்பாலும் அறிந்திருப்பார்கள். அவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தெந்த மென்பொருள்களுக்குக் கல்லூரியிடம் உரிமம் இருக்கிறது? அதை மாணவர் தம் சொந்தக் கணினியில் நிறுவ அனுமதி உண்டா, ஆய்வகத்தில் மட்டுந்தானா? மைக்ரோசாஃப்ட் அல்லது கூகுளின் கல்விச் சேவையில் கல்லூரி பதிந்திருக்கிறதா?

மைக்ரோசாஃப்டைப் பொறுத்தவரை ஒரு விளக்கம் தேவை. கல்வி நிறுவனங்களுக்கு அது இலவசமாக வழங்கும் ஏ1 திட்டத்தில் வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட், ஒன்நோட், டீம்ஸ் ஆகியவற்றை உலாவியில் பயன்படுத்தலாம். கணினியில் நிறுவும் முழுப் பதிப்புகள் அதில் இல்லை. நிறுவும் உரிமையையும் சேர்த்துத் தந்த ஏ1 பிளஸ் என்ற திட்டத்தை மைக்ரோசாஃப்ட் 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. எனவே, மூத்த மாணவர்கள் தாங்கள் முன்பு நிறுவியதாகச் சொல்வது உங்களுக்கு இப்போது கிடைக்காமல் போகலாம். கல்லூரி ஏ3 அல்லது ஏ5 என்ற கட்டணத் திட்டத்தில் இருந்தால் மட்டுமே நிறுவும் பதிப்பு கிடைக்கும். அறிக்கை எழுதவும் கணக்கிடவும் உலாவிப் பதிப்பே பெரும்பாலோருக்குப் போதும் என்பது என் கருத்து.

2. கல்லூரி மின்னஞ்சலைப் பெறுங்கள்

ஏசி டாட் இன், இடியு டாட் இன் என்று முடியும் இணையப் பெயர்களை எர்நெட் இந்தியா என்ற அரசு அமைப்பு கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே வழங்குகிறது. ஆகவே அந்த முடிவுள்ள மின்னஞ்சல் முகவரியைப் பல நிறுவனங்கள் வேறு ஆவணமே கேட்காமல் மாணவர் சான்றாக ஏற்றுக்கொள்கின்றன. பல நாட்கள் பிடிக்கும் சரிபார்ப்பு சில நிமிடங்களில் முடிவது இதனால்தான்.

கல்லூரிக்கு இணையப் பெயர் இருந்தும் ஆசிரியர்களுக்கு மட்டும் மின்னஞ்சல் வழங்குவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அப்படியானால் தனியாளாகக் கேட்பதைவிட, வகுப்பினர் அனைவரும் கையெழுத்திட்ட கடிதத்தை வகுப்பு ஆலோசகர் வழியாக முதல்வருக்கு அனுப்புங்கள். கூகுளின் கல்விச் சேவையிலும் மைக்ரோசாஃப்டின் கல்விச் சேவையிலும் அடிப்படைத் திட்டத்துக்குக் கல்லூரி கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். செலவு ஆகும் என்ற தயக்கமே பல இடங்களில் தடையாக இருக்கிறது.

கல்லூரியின் இணையப் பெயர் டாட் காம் என்றோ டாட் ஆர்க் என்றோ முடிந்தால் சில தளங்கள் அதைக் கல்வி நிறுவனமாக அடையாளம் காணாது. இதற்கும் ஒரு வழி உண்டு. கல்வி நிறுவனங்களின் இணையப் பெயர்ப் பட்டியலை ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் ஸ்வாட் என்ற பெயரில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் வைத்திருக்கிறது. அதில் உங்கள் கல்லூரி இல்லையென்றால் சேர்க்கும்படி யார் வேண்டுமானாலும் கோரிக்கை அனுப்பலாம். நிரலாக்கம் தெரிந்த மூத்த மாணவர் ஒருவர் அதைச் செய்துவிட்டால், அதன்பின் வரும் எல்லா மாணவர்களுக்கும் பயன்படும்.

ஓர் எச்சரிக்கை: கல்லூரி மின்னஞ்சலை மட்டுமே கொண்டு எந்தக் கணக்கையும் தொடங்காதீர்கள். படிப்பு முடிந்ததும் அந்த முகவரி மூடப்பட்டால் கணக்கும் கைவிட்டுப் போகும். கிட்ஹப் போன்ற தளங்களில் சொந்த மின்னஞ்சலை முதன்மையாக வைத்துக் கல்லூரி மின்னஞ்சலை இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

3. ஆவணங்களைச் சரியாகத் தயார்செய்யுங்கள்

கல்லூரி மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கும், மின்னஞ்சலோடு ஆவணமும் கேட்கும் தளங்களுக்கும் இந்தப் படியே உயிர்நாடி. சரிபார்ப்பவர் உலகின் வேறொரு மூலையில் இருக்கிறார். சில நேரங்களில் அது ஒரு கணினி நிரலாகவும் இருக்கலாம். உங்கள் கல்லூரியைப் பற்றி முன்பின் அறியாத அந்தக் கண்ணுக்கு ஒரே தாளில் மூன்று செய்திகள் தெரிய வேண்டும்: உங்கள் முழுப்பெயர், கல்லூரியின் பெயர், நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதைக் காட்டும் தேதி. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் திரும்பிவிடும்.

அடையாள அட்டையையே பெரும்பாலோர் முதலில் அனுப்புகிறார்கள். நம் கல்லூரிகளின் அட்டைகள் பலவற்றில் சேர்ந்த ஆண்டும் முடிக்கும் ஆண்டும் மட்டுமே இருக்கும். வழங்கிய தேதியோ செல்லுபடியாகும் தேதியோ இருக்காது. சிலவற்றில் அந்த விவரம் பின்பக்கத்தில் இருக்கும். அரசுக் கல்லூரி அட்டைகள் சில தமிழில் மட்டுமே அச்சாகியிருக்கும். எனவே உங்கள் அட்டையைக் கையில் எடுத்து மேற்சொன்ன மூன்று செய்திகளும் ஆங்கிலத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால், நீங்கள் அங்கே படிப்பதாகக் கல்லூரி எழுதித் தரும் போனஃபைட் சான்றிதழுக்குப் போய்விடுங்கள்.

கட்டண ரசீதும் ஏற்கப்படும். நடப்புக் கல்வியாண்டின் ரசீதாகவும், அதில் பதிவு எண்ணோடு உங்கள் பெயரும் அச்சிடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். வங்கிச் செலுத்துச்சீட்டின் மாணவர் பகுதியைக் கையால் நிரப்பி அனுப்பினால் ஏற்பது அரிது. பழைய மதிப்பெண் பட்டியல், சேர்க்கை ஆணை, பன்னிரண்டாம் வகுப்புச் சான்று ஆகியவை நீங்கள் இப்போது மாணவர் என்பதை நிறுவுவதில்லை. அவற்றை அனுப்பி ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

ஆதார் அட்டையை எந்த மென்பொருள் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அது உங்கள் அடையாளத்தைக் காட்டுமே தவிர மாணவர் தகுதியைக் காட்டாது. மென்பொருளுக்காக ஆதார் கேட்கும் இடைத்தரகர் எவராயினும் அங்கிருந்து விலகிவிடுங்கள்.

இனி போனஃபைட் சான்றிதழ். கல்விக்கடன், பேருந்துச் சலுகை அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றுக்கு அலுவலகம் வழக்கமாகத் தரும் படிவமே இங்கும் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தப் படிவங்களில் "இன்னாரின் மகன் அல்லது மகள் இக்கல்லூரியில் பயில்கிறார்" என்ற வரியோடு விஷயம் முடிந்துவிடும். நீங்கள் தரும் விண்ணப்பத்திலேயே பின்வருபவை சான்றிதழில் இடம்பெற வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்: கல்லூரியின் லெட்டர்ஹெட் தாள், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட வாசகம், உங்கள் முழுப்பெயர், பட்டம் அல்லது பட்டயத்தின் பெயரும் துறையும், படிப்பு தொடங்கிய மாதமும் ஆண்டும், முடியவிருக்கும் மாதமும் ஆண்டும், நடப்புக் கல்வியாண்டு, முழுநேர மாணவர் என்ற குறிப்பு, வழங்கிய தேதி, முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும். தேதியைக் கையால் எழுதாமல் அச்சிடச் சொல்வது நல்லது. முத்திரை பெயரின்மீதோ தேதியின்மீதோ விழுந்து எழுத்தை மறைத்துவிடாமல் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

சில கல்லூரிகள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. வேறு சில சிறு தொகை வாங்குகின்றன. முதல்வரின் கையெழுத்துக்காகச் சில வேலை நாட்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். தேர்வுக் காலத்திலும் சேர்க்கைக் காலத்திலும் இன்னும் தாமதமாகும். ஒரே நேரத்தில் இரண்டு பிரதிகள் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் பழையதாகிவிட்டால் சில தளங்கள் ஏற்பதில்லை என்பதால், அதை வாங்கிய உடனே எல்லா விண்ணப்பங்களையும் அந்த மாதத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இங்கே இருக்கிறது. விண்ணப்பப் படிவங்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நம் பெயரிலோ தந்தை பெயரின் முதலெழுத்துதான் இருக்கிறது. அது அடையாள அட்டையில் முன்னால் நிற்கும். மதிப்பெண் பட்டியலில் பின்னால் நிற்கும். கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கும். சரிபார்ப்பவர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறார். எனவே நீங்கள் பதிவேற்றப்போகும் தாளில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, அதையே கணக்கிலும் நிரப்புங்கள். குடும்பப்பெயர்க் கட்டத்தில் இனிஷியலை மட்டும் இடுங்கள். ஓரெழுத்தை அந்தக் கட்டம் ஏற்காவிட்டால், தந்தையின் முழுப்பெயரை விரித்து எழுதிய போனஃபைட் சான்றிதழைக் கேட்டு வாங்கி, கணக்கிலும் அந்த விரிவையே பயன்படுத்துங்கள். கணக்குத் தொடங்கும்போது விளையாட்டாக இட்ட புனைபெயர், விண்ணப்பிக்கும் நேரத்திலும் அதில் இருக்கக் கூடாது.

கல்லூரியின் பெயருக்கும் இதே கவனம் வேண்டும். படிவத்தில் தட்டச்சு செய்யும்போது விரியும் பட்டியலில் உங்கள் கல்லூரி சுருக்கப் பெயரிலோ பழைய பெயரிலோ இருக்கலாம். ஊரின் பெயரைச் சேர்த்தும் தேடிப் பாருங்கள். இணைப்புக் கல்லூரியில் படிப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்தெடுப்பது பரவலான தவறு. லெட்டர்ஹெட்டில் இருப்பது கல்லூரியின் பெயர் என்பதால் இரண்டும் பொருந்தாமல் போய்விடும். பட்டியலில் கல்லூரியே இல்லையென்றால் சேர்க்கக் கோரும் இணைப்பு அங்கேயே இருக்கிறதா என்று பார்த்து, முதலில் அதை முடியுங்கள்.

கடைசியாக, நகல். ஜெராக்ஸ் கடையில் மூலத்தையே வண்ணத்தில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கைப்பேசியில் எடுத்தால் பகல் வெளிச்சத்தில், தாளின் நான்கு ஓரங்களும் தெரியும்படி, நிழல் விழாமல் எடுங்கள். நகலின் நகல் ஏற்கப்படாது.

4. எந்த வரிசையில் விண்ணப்பிப்பது

ஒரு சரிபார்ப்பு இன்னொன்றுக்கு உதவும் என்பதால் வரிசை முக்கியம். மின்னஞ்சல் மட்டுமே போதுமான மைக்ரோசாஃப்ட் கல்விக் கணக்கில் தொடங்குங்கள். கல்வித் திட்டத்தின் பக்கத்தில் முகவரியைத் தந்தவுடனே தகுதி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். அடுத்தது, இணையம் வழியாகக் கணினி வசதி தரும் மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையான அஷூரின் மாணவர் திட்டம். 18 வயது நிறைந்தவர்களுக்கு 12 மாதங்களில் செலவிட 100 டாலர் மதிப்புள்ள வரவு தரப்படுகிறது. கடன் அட்டை கேட்பதில்லை. மாணவராக இருக்கும்வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். பயிற்சி முடிந்தபின், அதில் இயக்கிய மெய்நிகர்க் கணினியை நிறுத்தாமல் விட்டுவிட்டால் அந்த வரவு விரைவில் கரைந்துவிடும்.

மூன்றாவதாக, நிரலாக்கக் கருவிகளையும் சேவைகளையும் மாணவர்களுக்குச் சேர்த்துத் தரும் கிட்ஹப் மாணவர் தொகுப்பு. நிரலாக்கம் படிக்கும் எவரும் இதைத் தவறவிடக் கூடாது. 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். பட்டம் அல்லது பட்டயம் தரும் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் தகுதி உண்டு. விண்ணப்பிக்கும் முன் கணக்கில் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அப்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி தொலைந்தால் அவைதான் துணை. சுயவிவரப் பக்கத்தில் ஆவணத்தில் உள்ள பெயரை இடுங்கள். கட்டண விவரப் பகுதியிலும் அதே பெயரையும் முகவரியையும் நிரப்புங்கள். அட்டை எண் தர வேண்டியதில்லை. இந்த மூன்றாவதைப் பலர் செய்வதில்லை, பெயர் பொருந்தவில்லை என்ற பதில் வருவதும் பெரும்பாலும் அதனால்தான்.

கிட்ஹப் விண்ணப்பத்தின்போது உலாவி உங்கள் இருப்பிடத்தைக் கேட்கும். கல்லூரியிலிருந்து வெகு தொலைவில் இருந்து விண்ணப்பித்தால் அதையே காரணம் காட்டி நிராகரிக்க வாய்ப்புண்டு. எனவே விடுமுறைக்குச் சொந்த ஊர் போயிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். வளாகத்தில் அமர்ந்து, இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் எதுவும் இயங்காத நிலையில் செய்யுங்கள். ஆவணத்தைக் கேமரா முன் பிடித்துக் காட்டச் சொல்லும். மடிக்கணினிக் கேமராவில் எழுத்துகள் மங்கினால் அதே பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து படமெடுங்கள். நிராகரிப்புச் செய்தியில் காரணம் எழுதப்பட்டிருக்கும். அதை முழுதும் படித்து, அந்த ஒன்றைத் திருத்திய பிறகே மறுபடி அனுப்புங்கள். ஒப்புதல் கிடைத்த பின்பும் சலுகைகள் கணக்கில் தெரியச் சில நாட்கள் ஆகலாம்.

கிட்ஹப் ஒப்புதல் கிடைத்தபின் ஜெட்பிரெயின்ஸுக்கு விண்ணப்பித்தால், அந்த மாணவர் தகுதியையே சான்றாக இணைத்துவிடலாம். கல்லூரி மின்னஞ்சல், ஐஎஸ்ஐசி என்னும் பன்னாட்டு மாணவர் அட்டை, ஆவணம் ஆகியவையும் ஏற்கப்படுகின்றன. உரிமம் ஓராண்டுக்குத் தரப்படும், பின்னர் புதுப்பிக்கலாம். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்நிறுவனத்தின் நிரலாக்கக் கருவிகளில் வெப்ஸ்டார்ம், ரைடர் ஆகியவற்றை 2024 அக்டோபர் முதலும், சீலயனை 2025 மே முதலும் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு யாரும் இலவசமாகப் பயன்படுத்த அது அனுமதித்திருக்கிறது. இவை மட்டும் போதுமென்றால் மாணவர் சரிபார்ப்புக்கே அவசியமில்லை. மைக்ரோசாஃப்டின் நிரலாக்கக் கருவியான விஷுவல் ஸ்டூடியோவின் கம்யூனிட்டி பதிப்பும் மாணவர்களுக்கு இலவசமே.

5. ஆட்டோகேட், ரெவிட் போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள்

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கல்வி உரிமத்தில் ஆட்டோகேட், ரெவிட், இன்வென்டர், ஃபியூஷன், மாயா, 3டிஎஸ் மேக்ஸ் ஆகியவை ஓராண்டுக்கு இலவசம். மாணவராக இருக்கும்வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். தகுதியைச் சரிபார்க்கும் பணியை ஷீர்ஐடி என்ற நிறுவனம் செய்கிறது. கணக்கில் உள்ள பெயர், பிறந்த தேதி, கல்லூரி ஆகியவற்றைக் கொண்டு முதலில் தானாகச் சரிபார்க்க முயலும். நம் கல்லூரி மாணவர்களுக்கு அது பெரும்பாலும் முடியாமல் ஆவணம் கேட்கும் பக்கத்துக்குப் போய்விடும். அப்போது மூன்றாம் படியில் சொன்ன சான்றிதழைப் பதிவேற்றினால், வழக்கமாக இரண்டொரு நாளில் பதில் வரும். பதிவேற்றுவதற்கு முயற்சி வரம்பும் கால வரம்பும் இருப்பதால், தாள் கையில் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடங்கிவிட வேண்டாம்.

உரிமம் கிடைத்தபின் பதிவிறக்கம் இருக்கிறது. இவை பல ஜிபி அளவுள்ள கோப்புகள். கைப்பேசித் தரவில் இறக்கினால் அன்றைய ஒதுக்கீடு முழுவதும் தீர்ந்து பாதியில் நின்றுவிடும். கல்லூரி நூலகத்தின் இணைய இணைப்பையோ விடுதியின் இரவு நேரத்தையோ பயன்படுத்துங்கள். நிறுவுவதற்கு முன் உங்கள் கணினியின் நினைவகமும் காலியிடமும் போதுமா என்று அந்த ஆண்டுப் பதிப்பின் தேவைப் பட்டியலில் பாருங்கள். ரெவிட்டைக் குறைந்த நினைவகமுள்ள கணினியில் இயக்குவது பெரும் துன்பம். அதற்கு ஆய்வகக் கணினியே ஏற்றது.

இயந்திரவியல் மாணவர்கள் பொறியியல் பகுப்பாய்வு மென்பொருளான ஆன்சிஸின் மாணவர் பதிப்பைத் தகுதிச் சான்று எதுவுமின்றி நேரடியாகப் பதிவிறக்கலாம். அதில் தீர்க்கும் கணிதச் சிக்கலின் அளவுக்கு மட்டும் வரம்பு உண்டு. முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளான சாலிட்வொர்க்ஸின் கல்விப் பதிப்பில் அச்சிடும் வரைபடங்களில் கல்விக்கு மட்டும் என்ற நீர்க்குறி விழும். மேட்லேப் வளாக உரிமம் இல்லாதவர்கள் அதன் இணையப் பதிப்பை மாதம் 20 மணி நேரம் இலவசமாகப் பயன்படுத்தலாம். செய்முறைப் பாடத்துக்கு அந்த நேரம் பெரும்பாலும் போதும்.

6. இலவசம் இல்லாமல் தள்ளுபடி மட்டும் கிடைப்பவை

ஃபோட்டோஷாப் உள்ளிட்ட அடோபியின் முழுத் தொகுப்பு மாணவர்களுக்குப் பெருந்தள்ளுபடியில் கிடைக்கிறது, ஆனால் இலவசமில்லை. வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதலாண்டு விலை. இரண்டாமாண்டில் அது உயரும். மாதந்தோறும் பணம் பிடிக்கப்பட்டாலும் ஒப்பந்தம் ஓராண்டுக்கானது. முதல் 14 நாட்களுக்குள் விலகினால் பணம் முழுதும் திரும்பும். அதன்பின் விலகினால் மீதமுள்ள மாதங்களின் தொகையில் பாதியைக் கட்டச் சொல்வார்கள். ஒரே ஒரு பருவத்துக்கு ஃபோட்டோஷாப் தேவைப்படுகிறது என்பதற்காக இந்த ஒப்பந்தத்துக்குள் போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

சுவரொட்டி, படவில்லை போன்றவற்றை வடிவமைக்கும் தளமான கேன்வாவின் கல்விப் பதிப்பு பள்ளி ஆசிரியர்களுக்கும் அவர்கள் சேர்க்கும் பள்ளி மாணவர்களுக்கும் உரியது. கல்லூரி மாணவர் தனியாக விண்ணப்பித்தால் கிடைக்காது. மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் தம்பி தங்கை இருந்தால் அவர்களின் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

7. அட்டை எண் கேட்கும் சலுகைகளில் கவனம்

ஓராண்டு இலவசம் என்று தொடங்கி, அடுத்த ஆண்டு தானாகப் பணம் எடுக்கும் சலுகைகள் பெருகிவிட்டன. கிட்ஹப் தொகுப்பில் கிடைக்கும் இணையப் பெயர்கூட முதல் ஆண்டுக்கு மட்டுமே இலவசம். அதில் உள்ள மேகச் சேவைகள் சில அட்டை விவரத்தைக் கேட்கும். தர நேர்ந்தால், பதிந்த அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை அணைத்துவிடுங்கள். அணைத்தால் சலுகையே உடனே நிற்கும் என்று தளம் சொன்னால், முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்பு கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள். அப்பா அம்மாவின் வங்கிக் கணக்கோடு இணைந்த அட்டையைக் கொடுப்பதைத் தவிருங்கள். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானியங்கியாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியில் விலகுவதற்கான வழியும் இருக்கும்; விளம்பரச் செய்தி என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். யுபிஐ செயலியிலும் ஆட்டோபே பகுதியை அவ்வப்போது திறந்து, அங்கே நடப்பில் உள்ள அனுமதிகளைப் பாருங்கள்.

8. செய்யக்கூடாதவை

இணையச் சந்தைகளிலும் டெலிகிராம் குழுக்களிலும் வாழ்நாள் ஆஃபீஸ் கணக்கு என்று சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். அவற்றில் பல, யாரோ ஒரு கல்வி நிறுவனத்தின் கணக்கிலிருந்து எடுத்து விற்கப்படுபவை. அந்த நிறுவனத்தின் நிர்வாகி உங்கள் கடவுச்சொல்லை மாற்ற முடியும், கோப்புகளைப் பார்க்க முடியும், ஒரே நாளில் கணக்கை நீக்கவும் முடியும். திட்ட அறிக்கையை அதில் வைத்திருந்தால் அதுவும் போய்விடும். போலி அடையாள அட்டை செய்து தருகிறோம் என்பவர்களிடம் போனால், மென்பொருளை இழப்பதோடு மோசடிக் குற்றத்துக்கும் ஆளாவீர்கள்.

கல்வி உரிமத்தைக் கொண்டு பணத்துக்கு வேலை செய்யக் கூடாது. கட்டடப் பொறியியல் மாணவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். உள்ளூர்ப் பொறியாளர் ஒருவருக்கு வீட்டு வரைபடம் வரைந்து கொடுத்துக் கைச்செலவுக்குப் பணம் வாங்குவது நம் ஊர்களில் சாதாரணம். அந்த வரைபடத்தை மாணவர் உரிமத்தில் உள்ள ஆட்டோகேடில் வரைவது உரிம மீறல். பயிற்சிக்குப் போகும் நிறுவனத்தின் வேலையை உங்கள் மடிக்கணினியில் செய்யச் சொன்னால், அந்த நிறுவனத்தின் உரிமத்தைத் தருமாறு கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

பணிக்காகவே வரைய வேண்டியிருந்தால் கட்டற்ற மென்பொருள்களைக் கற்றுக்கொள்ளுங்கள். வடிவமைப்புக்கு ஃப்ரீகேட், நிலவரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், முப்பரிமாணப் படங்களுக்கு பிளெண்டர், ஓவியங்களுக்கு இங்க்ஸ்கேப், மின்சுற்றுப் பலகைகளுக்குக் கிகேட், மேட்லேபுக்கு நெருக்கமான ஆக்டேவ், அலுவலகப் பணிக்கு லிப்ரெஆஃபீஸ் ஆகிய அனைத்தும் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம். எந்தச் சான்றிதழும் தேவையில்லை. மும்பை ஐஐடி தொடங்கிய ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டத்தில் இத்தகைய மென்பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ் ஒலியுடனான பாடங்கள் கிடைக்கின்றன.

9. எப்போது தொடங்குவது

முதலாண்டு மாணவர்களுக்கு அடையாள அட்டை கைக்கு வரப் பருவத்தின் பாதி கடந்துவிடும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கட்டணம் கட்டிய ரசீது வந்ததும் போனஃபைட் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆட்டோகேட் பாடம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே உரிமத்துக்கு விண்ணப்பிப்பது பாதுகாப்பானது. ஒருமுறை நிராகரிக்கப்பட்டாலும் மறுமுறை முயலக் காலம் இருக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில், புதுப்பிக்கும் தேதி செய்முறைத் தேர்வு வாரத்தில் விழுகிறதா என்று பாருங்கள். பல உரிமங்களைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் நடப்பாண்டுச் சான்று கேட்கப்படும். கடந்த ஆண்டுத் தாள் செல்லாது. ஆண்டுதோறும் கட்டணம் கட்டும் மாதத்திலேயே புதிய போனஃபைட் ஒன்றையும் வாங்கி வைப்பது நல்ல வழக்கம்.

10. இறுதிப் பருவத்தில் செய்ய வேண்டியவை

கல்லூரி மின்னஞ்சல் எப்போது மூடப்படும் என்று கணினி மையத்தில் கேளுங்கள். சில இடங்களில் தேர்வு முடிவு வெளியான சில வாரங்களிலேயே மூடிவிடுகிறார்கள். கூகுள் கல்விக் கணக்கில் உள்ள மின்னஞ்சலையும் டிரைவ் கோப்புகளையும் சொந்தக் கணக்குக்கு மாற்ற, கூகுளில் உள்ள நம் தரவை வெளியே எடுக்க உதவும் டேக்அவுட் பக்கத்தில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. கல்லூரி நிர்வாகி அதை அணைத்திருந்தால் கோப்புகளைப் பதிவிறக்கித்தான் ஆக வேண்டும். ஒன்டிரைவில் உள்ளவற்றை வன்தட்டில் இறக்கி வையுங்கள். கல்லூரி மின்னஞ்சலைத் தந்திருந்த எல்லாத் தளங்களிலும் அதற்குப் பதிலாகச் சொந்த மின்னஞ்சல் முகவரியை இடுங்கள். வங்கி, வேலைவாய்ப்புத் தளம், தேர்வு விண்ணப்பம் என எங்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று நினைவில்லாவிட்டால், அந்த அஞ்சல் பெட்டியில் வந்திருக்கும் வரவேற்புச் செய்திகளைத் தேடினால் தெரிந்துவிடும். ஆட்டோகேட் வரைபடங்களை மூலக் கோப்போடு பிடிஎஃப் வடிவிலும், ரெவிட் மாதிரிகளை வேறு மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய ஐஎஃப்சி வடிவிலும் சேமித்துக்கொள்ளுங்கள். உரிமம் முடிந்தபின் நேர்முகத் தேர்வில் உங்கள் வேலைகளைத் திறந்து காட்ட அவை தேவைப்படும்.